கலைச்செல்வன் நிரபராதி ஆன கதை

மணப்பட்டில் கலைச்செல்வன் கைதானபோது, அவன் ஜெயிலுக்குப் போய்விடுவானோ என்று ஊரே கவலைப்பட்டது. கலைச்செல்வனோ விடுதலை ஆகிவிடுவோமோ என்று பயந்துகொண்டிருந்தான்.

கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன்தான். வலை இழுக்கும்போது தோள்மூட்டு ஒருமுறை விலகியது, அப்புறம் அடிக்கடி விலகியது. இனி வலையைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பிய பக்கமெல்லாம் மதுக்கடை இருக்கிற புதுச்சேரியில், கள்ளத்தனமாகச் சரக்கு விற்றுப் பிழைக்கலாம் என்று வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. அவன் கடைகள் மூடியிருக்கும் நாட்களை நம்பினான். காந்தி ஜெயந்தி, வள்ளலார் தினம், ஓட்டு எண்ணும் நாள். முந்தின நாளே பிராந்தி வாங்கிச் சவுக்குத் தோப்பில் புதைத்துவைத்து, பட்டப்பகலில் விற்றான்.

ஒருமுறை சரக்கு பாதியில் தீர்ந்துபோனது. கேட்டவர்கள் விடுவதாக இல்லை. வீட்டுக்கு ஓடி, மனைவி உஷாராணி வடிகட்டி வைத்திருந்த தேயிலைத் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து, காய்ந்த மிளகாயை ஊறப்போட்டுக் கொண்டுவந்து, உதை விழும் என்ற பயத்தோடேயே ஊற்றினான். குடித்தவர்கள் முன்னைவிட அதிகமாகத் தள்ளாடினார்கள். ஒருவர் பாடினார். ஒருவர் செத்துப்போன அண்ணனை நினைத்து அழுதார். அதற்குப் பிறகு எதற்கு அசல் சரக்கு என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. வாசனைக்காகக் கிளாஸின் விளிம்பில் மட்டும் அசல் பிராந்தியைத் தடவுவான். அதற்கென ஒரு சின்ன பாட்டில் இடுப்பிலேயே இருக்கும். மற்றதெல்லாம் உஷாராணியின் கைப்பக்குவம்.

இப்படியே வருஷங்கள் ஓடின. போன காந்தி ஜெயந்தியன்று, புதிதாக மாற்றலாகி வந்த சப்-இன்ஸ்பெக்டர் கீர்த்தி தோப்புக்குள் நுழைந்தார். இடுப்பு பாட்டிலைப் புதரில் வீசக் கலைச்செல்வனுக்கு நேரம் இருந்தது. பாட்டில் மூட்டையைத் தூக்க நேரமில்லை. மாதிரிக்கு எடுத்த பாட்டில்களைச் சாட்சிகள் முன்னிலையில் துணியில் சுற்றி, அரக்கு உருக்கி, முத்திரை குத்தினார்கள்.

ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டவர் புகழ்வேந்தன். சொந்தமாக ஃபைபர் போட் வைத்திருப்பவர், கலைச்செல்வனின் முதல் வாடிக்கையாளர்.

"கவலப்படாத மச்சான். நல்ல சரக்கு குடுத்தவன நாங்க வுட்டுடுவமா?"

அது தேயிலைத் தண்ணீர் என்று தெரிந்தால், முதல் உதை இவரிடமிருந்துதான் விழும் என்று கலைச்செல்வன் கணக்குப் போட்டான்.

ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போகும்போதெல்லாம் கீர்த்தியிடம் விசாரித்தான்.

"பாட்டிலுங்கள இன்னா மேடம் பண்ணுவாங்க?"

"கோர்ட் மூலமா அரசு தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். அங்க மெஷின்ல வச்சிப் பாப்பாங்க. எத்தன சதவீதம் ஆல்கஹால், விஷம் எதுனா கலந்திருக்கா, எல்லாம் வந்துடும்."

"வழியில சீல் உடஞ்சிட்டா?"

"உடையாது. உடஞ்சிருந்தா வாங்கவே மாட்டாங்க."

"எடுத்துட்டுப் போறவங்க யாராச்சும் மாத்திட்டா?"

கீர்த்தி நிமிர்ந்து பார்த்தார். ஆதாரத்தைக் கலைக்க இவன் திட்டம் போடுகிறான் என்று நினைத்து, மாதிரிகளைத் தானே கூடப் போய் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

கலைச்செல்வனுக்கு வேறு வழி தெரியவில்லை. வக்கீல் அரிகரனிடம் போய், அறிக்கை வருவதற்கு முன்னாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்றான்.

"பைத்தியமா உனக்கு? ரிப்போர்ட்ல எதுனா ஓட்ட இருந்தா வெளிய வந்துடலாம்."

"வெளிய வரக்கூடாதுன்னுதான் சார் கேக்கறேன்."

அடுத்த வாய்தாவில் வக்கீலையும் மீறிக் கூண்டில் கைகூப்பினான். "நான் வித்தது சரக்குதாம்மா. ஒத்துக்கறேன். தண்டன குடுத்துடுங்க."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "அது சரக்கா இல்லையான்னு நீங்க சொல்ல முடியாதுங்க. ஆய்வகம் சொல்லட்டும்."

ஆய்வகம் சொன்னது. முத்திரைகள் சிதையவில்லை, கூடவே அனுப்பிய மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகின்றன. எந்த பாட்டிலிலும் எத்தில் ஆல்கஹால் இல்லை. தேயிலைச் சாறு, வெல்லம், மிளகாயின் காரப்பொருள் ஆகியவை உள்ளன. விஷம் ஏதும் இல்லை. கீர்த்தி அதை இரண்டு முறை படித்துவிட்டு, வழக்கை முடித்துக்கொள்வதாக எழுதினார்.

அது நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்ட அன்று, ஆதரவுக்கென்று வேன் பிடித்து வந்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் பின்வரிசையில் நின்றிருந்தார்கள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, அதே வேனில் திரும்பலாம் என்று வந்த புகழ்வேந்தனின் மனைவி இளவரசியும் கூடையோடு வாசலில் நின்று கேட்டாள். கலைச்செல்வன் நிரபராதியாக வெளியே வந்தான். யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை.

கீர்த்திதான் மரத்தடியில் கூட்டத்தை நிறுத்தினார். "சாராய கேஸ் நிக்காது. ஏமாத்திட்டான்னு யாராச்சும் எழுதிக் குடுங்க, நாளைக்கே வேற கேஸ் போடறேன்."

ஒருவர் செருப்பைச் சரிசெய்தார். ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். இத்தனை வருஷம் தேயிலைத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தள்ளாடினோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட மணப்பட்டில் ஆள் இல்லை.

எல்லோரும் வேனில் ஏறினார்கள். கிருமாம்பாக்கம் தாண்டியதும் இளவரசி புகழ்வேந்தன் பக்கம் திரும்பினாள்.

"போன வள்ளலார் தினத்துக்கு எங்கப்பாவ நடுவூட்ல நிக்கவச்சி, சோத்துக்கு வக்கில்லாத ஆளுன்னு சொன்னியே. மறுநாளு கேட்டதுக்கு, நான் பேசல, சரக்கு பேசுச்சின்ன."

புகழ்வேந்தன் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார்.

"அன்னிக்கி குடிச்சது டீ. அப்ப பேசுனது நீதான்."

மறுநாளே அது தெருவெங்கும் பரவியது. எந்த வீட்டில் டிவி உடைந்தது, எந்த வீட்டில் மைத்துனனுக்கு அறை விழுந்தது, எவனெவன் 'போதையில தெரியாம செஞ்சிட்டேன்' என்று தப்பித்தான் என்பதையெல்லாம் பெண்கள் நாள் வாரியாகச் சொல்லத் தொடங்கினார்கள். எல்லாம் கடைகள் மூடியிருந்த நாட்கள். இளவரசி அரிகரனைப் பிடித்து, அறிக்கையின் நகல் ஒன்றை வாங்கிவந்துவிட்டாள்.

கலைச்செல்வன் எதிர்பார்த்த உதை விழவில்லை. அதற்குப் பதில் ஒரு மாலையில் புகழ்வேந்தன் நல்ல வஞ்சிரம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு செய்டா. எங்கூட்ல வந்து, லேப்ல தப்பா எழுதிட்டாங்கன்னு சொல்லு."

பாவமாக இருந்தது. கலைச்செல்வன் போனான். இளவரசி மீன் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அது அசல் சரக்கா?"

"ஆமாக்கா. அசல்தான்."

"சரி, வா. அந்த எஸ்.ஐ. அம்மாகிட்டப் போயி சொல்லிடலாம். அவங்களுக்கும் கேஸ் போச்சேன்னு வருத்தமா இருக்கு."

கலைச்செல்வன் புகழ்வேந்தனைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"டீதாங்க்கா," என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புகழ்வேந்தன் நல்லவாட்டுக்குப் போய் மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டார். முழு நிதானத்தில் இருந்ததால் அரைமணி நேரம் வாய் வரவில்லை என்று கூடப்போனவர்கள் சொன்னார்கள். கலைச்செல்வன் இப்போது கடலூர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறான். தோளுக்கு வேலை இல்லை. சாயங்காலம் கூட வேலை செய்கிறவர்கள் டீக்கடைக்குக் கூப்பிட்டால், வேண்டாம் என்று பஸ் ஏறிவிடுகிறான்.