டின்னில் இருந்த ஒரு வரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவில் ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் மரம் வெட்டு வேலையில் இருந்தபோது நடந்தது இது.

எனக்கு அப்போது ஆறு மாதப் பெண் குழந்தை. நான் குளிர்காய்ச்சலில் விழுந்து எழுந்ததில் தாய்ப்பால் வற்றிவிட்டது. தோட்டத்துக் கடையில் டின்பால் இரண்டு விதம் இருந்தது. மலிவானதைத்தான் என்னால் வாங்க முடிந்தது. எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் அந்த டின்னில் மருந்துக்குக்கூட ஒரு தமிழ் எழுத்து இல்லை. பசுவும் கன்றும் படமாகப் போட்டிருந்தது. அதை நம்பினேன்.

பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள். வயிறு மட்டும் உப்பி, கைகால் குச்சியாகிவிட்டது. எங்கள் கூலிக் குடியிருப்பான லயத்தில் எல்லாரும் பட்சி தோஷம், பறவை நிழல் பட்டுவிட்டது என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினோம். தெம்பு வரட்டும் என்று நான் இன்னும் ஒரு கரண்டி டின்பாலைச் சேர்த்துக் கரைத்துக் கொடுத்தேன். இதைச் சொல்லும்போது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் துவண்டு போனதும் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே டாக்டருக்கு உதவியாக இருந்த தமிழ் டிரெஸ்ஸர், பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார். டின்னை எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வெண்ணெய எடுத்துட்ட சக்கைப் பாலும்மா. கைக்குழந்தைக்கு ஆகாதுன்னு இங்கிலீசுல போட்டிருக்கே, பாக்கலியா?"

நான் எதைப் பார்ப்பது? எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. என் பிள்ளையின் உயிர் அந்த ஒரு வரிக்குள் இருந்திருக்கிறது!

நல்ல பாலும் மருந்துமாக இரண்டு வாரத்தில் பிள்ளை தேறினாள். லயத்துக்குத் திரும்பியதும் காலி டின்னோடு கடைக்குப் போனேன். சாக்கடையும் கொசுவும் பார்க்க வரும் சர்க்கார் இன்ஸ்பெக்டர் அன்றைக்கு அங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று, பிள்ளைக்கு ஆகாததை ஏன் விற்கிறீர்கள், ஏன் விற்க விடுகிறீர்கள் என்று இரண்டு பேரையும் சேர்த்தே கேட்டேன்.

"நான் என்னக்கா செய்ய? கப்பல்ல எறங்கறப்பவே சர்க்கார் பாத்துத்தானே விடுது. நான் வாங்கி விக்கிறேன், அவ்வளவுதான்லா" என்றார் கடைக்காரர்.

இன்ஸ்பெக்டர் குவளையைக் கீழேகூட வைக்கவில்லை. "லேபிள்ல போடணும், அதான் சட்டம். கம்பெனிக்காரன் போட்டிருக்கான். வாங்குறவங்க பாத்து வாங்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப அதத் தமிழ்ல படிங்க ஐயா. இங்க இருக்கிற எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றேன்.

கடையில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் டின்னை வாங்கி, "கைக்குழந்தைகளுக்கு உதவாது" என்று முணுமுணுத்தார். கையில் டின் வைத்திருந்த மூன்று பேர் அதைத் திரும்பப் பலகையில் வைத்தார்கள்.

உப்பு வாங்க வந்த ஒருத்தி மட்டும் அசையாமல் நின்றாள். அவளும் இதே பாலைத்தான் ஊட்டியவள். முந்தின மாதம்தான் அவள் பிள்ளையைப் புதைத்திருந்தோம். பட்சி தோஷம் என்று நாங்களே அவளைத் தேற்றியிருந்தோம்.

"இன்னொரு வாட்டி படிங்க ஐயா" என்றாள்.

அவர் படிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கடைக்காரர் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

என் மகள் இன்று பிள்ளை குட்டிகளோடு இருக்கிறாள். ஆனாலும் எழுதச் சொன்ன சர்க்காரும் எழுதி விற்ற கம்பெனியும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்த வரியைப் போட்டார்களே தவிர, உப்பு வாங்க வந்த அந்தத் தாயின் பிள்ளையைக் காப்பாற்ற ஒருவரும் போடவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.