ஈயத்தாள் சுவர்

கூலிக்குப் போன ஓவியக் கூடத்தில் நேற்று கொதித்த மைதாப் பசையின் வாசனை என்னைப் போனக்காட்டு எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்துக்குக் கொண்டுபோய்விட்டது. இன்று கூரையில்லாமல் கிடக்கும் எங்கள் ஒற்றை அறையில், தேயிலைப் பெட்டிக்குள்ளிருந்து உரித்த ஈயத்தாளை அம்மா சுவரெங்கும் ஒட்டியிருந்தாள்; எல்லா வீட்டிலும் குளிருக்காக ஒட்டியதுதான், அம்மா மட்டும் அதைக் கசக்கி, விரித்து, விளக்கு வெளிச்சம் மீன் செதிலாக நெளியும்வரை பிய்த்துப் பிய்த்து மறுபடி ஒட்டிக்கொண்டிருப்பாள்.

நான் பள்ளிக்கூடம் போகாததை விசாரிக்க வந்த வாத்தியாரிடம், "பாக்க நல்லாருக்கா சாரே? நானே ஒட்டுனது," என்றாள்.

அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "கொள்ளாம். தணுப்பு கேறாதல்லோ."

நல்லதுதான், குளிர் ஏறாதே என்று அவர் மலையாளத்தில் சொன்னதும் அம்மாவின் முகம் சுருங்கியது. நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று கூடத்தில் நாங்கள் ஒட்டியதும் கசங்கிய வெள்ளித் தாள்கள்தான். ஒட்டி முடித்ததும், அந்தச் சுவரை வடிவமைத்த பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்ஙனெயுண்டு சேட்டா?"

சுவர் எப்படியிருக்கிறது என்று கேட்டவள், பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தாள். சுவரில் செதில்கள் நெளிந்தன. என் வாயில் வந்தது ஒன்றுதான்.

"தணுப்பு கேறாது."

பசை வாளியைத் தூக்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் குழாயடிக்குப் போய்விட்டேன்.