பால் தீயும் வாடை

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, விரித்த சட்டை விரித்தபடி கிடக்க, அவள் தரையில் உட்கார்ந்தாள். சலவைக்கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் துணி மடிப்பவள் மட்டும், "என்னக்கா, பால் தீஞ்சிருச்சா?" என்றாள்.

"அடிப்பிடிச்சிருச்சுடி. ஸ்விட்சை அணை" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் கண்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டன. மடிப்பவள் ஸ்விட்சை அணைத்தாள். அக்காவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, யாருடைய போர்வையையோ தலைக்குக் கீழே செருகினாள். எல்லாம் பழகின வேலை.

மாத்திரையை விடாமல் போட்டும் அவ்வப்போது வந்துவிடுகிறது. வலிப்புக்குச் சற்று முன்னால் அவளுக்குப் பால் தீயும் வாடை அடிக்கும். அடுப்பே இல்லாத இடத்திலும் அடிக்கும். அந்த வாடை முந்திக்கொண்டு வருவதால்தான் கையில் இன்னும் வேலை இருக்கிறது. முன்கையில் முக்கோணமாக ஒரு தழும்பு உண்டு. வாடை வந்த பிறகும், இந்த ஒரு காலரைத் தேய்த்துவிடலாம் என்று நினைத்த நாளில் விழுந்தது. "கம்பெனி முத்திரை" என்று அதைக் காட்டிச் சிரிப்பாள்.

பிறவியில் வந்ததல்ல. பால்பல் விழாத வயதில் மலேரியா மூளைக்கு ஏறி, நினைவில்லாமல் கட்டைபோலக் கிடந்தாள். தாய்மாமன்தான் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கண் விழித்துத் தண்ணீர் கேட்டதும் வீட்டுக்கே உயிர் வந்தது. காய்ச்சலை எல்லாரும் மறந்த பிறகு, ஒருநாள் பள்ளிக்கூடத்தில் கைகால் வெட்டி இழுக்க விழுந்தாள். கல்யாணம் பேசும்போது மாமன் எதையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளையும், "காய்ச்சல்ல வந்ததுதானே மாமா, பரம்பரையா வரப்போறதில்லையே" என்று கட்டிக்கொண்டான்.

ரத்தத்தில் வராதது கொசுவில் வந்தது. போன மழைக்காலத்தில் மகளுக்கு அதே காய்ச்சல், அதே கிடை. பிள்ளை எழுந்து உட்கார்ந்த அன்று புருஷன் வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தான். இவள் டாக்டர் பின்னாலேயே போனாள். "மூளை வரைக்கும் போன காய்ச்சல்மா. சில பிள்ளைங்களுக்குப் பின்னாடி வலிப்பு வரலாம். எல்லாருக்கும் வராது" என்றார் அவர்.

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையில்தான் அவள் உயிர் தொங்குகிறது. மகள் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினால் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள். கரண்டி கீழே விழுந்தால் ஓடி வருவாள். "பிள்ளையைப் பிள்ளையா இருக்க விடு. நீயே கூப்பிட்டு வரவழைச்சிடுவ போல" என்று புருஷன் சலித்துக்கொள்வான். வாடையைப் பற்றிய பேச்செல்லாம் கடைவாசலோடு சரி. மகள் காதுபட ஒருநாளும் சொன்னதில்லை.

நேற்றுச் சாயங்காலம் வீட்டில் மகளின் பள்ளிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் மேசையடியில் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது.

"அம்மா, பால் தீயுதும்மா."

"அடுப்புல பாலே இல்லையேடி."

"தீயுதும்மா. நாத்தம்."

அவள் மோந்து பார்த்தாள். ஆயுளில் முதல் தடவையாக, அந்த வாடை தனக்கு வரட்டும் என்று இழுத்து இழுத்து மோந்தாள். சூடான துணியின் மணம்தான் இருந்தது.

பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஸ்விட்சை அணைத்தாள். தரையில் உட்கார்ந்து, மகளின் தலையை மடிக்கு இழுத்து, ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள்.