புவனேஸ்வரி அக்கா போடாத கையெழுத்து

அக்கா வாடகைக்கு இருந்த வீட்டின் வீட்டுக்காரம்மாதான் போன் செய்தார். தண்ணீர் பிடிக்க அக்கா இறங்கி வரவில்லையே என்று மாடிக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது. அவசரத்துக்கு என்று அக்கா அவரிடம் கொடுத்து வைத்திருந்த ஒரே எண், உடன் வேலை பார்த்த என்னுடையது.

புவனேஸ்வரி அக்கா தஞ்சாவூரில் எங்கள் சோதனைக்கூடத்தில் ஃபில்டர்களைச் சோதித்தவர். ஆலைத் தூசும் எண்ணெய்த் துளிகளும் வெளியே பறக்காமல் பிடித்து வைக்கும் பைகள் அவை. ஒரு பக்கம் எண்ணெயைப் புகைபோல விடுவார். மறுபக்கம் எவ்வளவு தப்பி வருகிறது என்று கருவியில் பார்ப்பார். ஆள் நடமாடினாலே கணக்கு ஏறிவிடும் என்பதால் அந்த அறையில் அவர் மட்டும்தான். எப்போதாவது உள்ளே போகிறவர்களுக்கும் பூ, பவுடர் எதுவும் கூடாது. புதிதாக வந்த மேனேஜரையே முகம் கழுவிவிட்டு வரச் சொன்னார். பாவம், மனிதர் அன்று முழுக்கக் களையிழந்து திரிந்தார்.

ஒருமுறை குத்தாலம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் பைகள் வந்தன. ஆலை அக்காவின் சொந்த அண்ணனுடையது. தையல் வழியே தூசு கசிந்தது. அறுவடை நேரம், அக்கா கையெழுத்துப் போடாவிட்டால் ஆலை ஓடாது. அண்ணன் நேரில் வந்து, தாய் தகப்பன் போனபின் தங்கையை வளர்த்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தார். அக்கா மறுபடி சோதித்தார். மறுபடியும் கசிந்தது.

"ஆலையை ஒட்டியே வீடுங்க இருக்குண்ணே. வேற பை தைச்சு அனுப்புங்க, அன்னைக்கே பாத்துத் தரேன்" என்றார்.

வேறு பைகள் வந்தன, தேறின. ஆலையும் ஓடியது. அண்ணன் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் மகள் கல்யாணத்துக்கு அத்தைக்குப் பத்திரிகை வரவில்லை. முகூர்த்தத்தன்று அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தார். லீவு போட்டிருந்தீர்களே என்று கேட்டேன்.

"வீட்ல உக்காந்து என்ன பண்றது?" என்றபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சோதிக்க அன்று ஃபில்டரே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

அக்கா இறந்த செய்தியை அண்ணனுக்கு நான்தான் சொல்லி அனுப்பினேன். வந்தார். கொள்ளியும் அவரே வைத்தார். வடவாற்றங்கரையில் எல்லாம் முடிந்தபின் என்னைத் தனியே அழைத்தார்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாளா தம்பி?"

ஒரு வார்த்தை பொய்யாகச் சேர்த்துச் சொல்லியிருந்தால் மனிதர் ஆறுதலாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். அக்காவோடு இத்தனை காலம் வேலை பார்த்த எனக்கு நாக்கு எழவில்லை.

"இல்லைங்க. யாரைப் பத்தியும் பேசமாட்டாங்க" என்றேன்.

கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் வந்திருந்தார், அக்கா. கூட வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகும் உங்கள் பக்கத்திலேயே இருந்தார். போய் வாருங்கள்.