லீலாபாயின் ஒற்றைக்கண் ஜெபம்

லீலாபாய் ஜெபத்தில் ஒரு கண்ணைத்தான் மூடுவாள். மற்றக் கண் புருஷன் செல்வதாஸைக் காவல் காக்க.

கருங்கல் ஊர்ப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிற மனுஷன் செல்வதாஸ். பொய் சொல்லமாட்டார், திருடமாட்டார். ஜெபம் மட்டும் பண்ணுவார். ஆண்டவருக்குக் காது கேட்காது என்பதுபோல உரக்கவும், ஒன்றுமே தெரியாது என்பதுபோல விளக்கமாகவும் பண்ணுவார். ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் ராஜையனின் மூலவியாதியை வலிக்கிற பக்கத்தோடு எடுத்துச் சொன்னார். அதோடு ராஜையன் கூட்டத்துக்கு வருவது நின்றது. மூலம் நின்றதா, தெரியாது.

மகள் ஜாஸ்பினுக்கு வந்த முதல் சம்பந்தமும் அப்படித்தான் போயிற்று. காப்பிக்கு முன் ஜெபிக்கச் சொன்னார்கள். “சின்னதிலே இவளுக்கு வந்த வலிப்பை மாற்றினீரே, ஸ்தோத்திரம்” என்றார். வந்தவர்கள் ஆமென் சொன்னார்கள், காப்பி குடிக்கவில்லை.

இப்போது இரண்டாவது சம்பந்தம். ஜாஸ்பின் மஸ்கட்டில் நர்ஸ். வாய்க்கு வந்தபடி ஏசிய சூப்பர்வைசர் தலையில் பேசின் தண்ணீரைக் கவிழ்த்ததால் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். லீவில் வந்திருக்கிறாள் என்று லீலாபாய் சொல்லி வைத்திருந்தாள்.

“இஞ்ச பாருங்க. ஸ்தோத்திரம், ஆசீர்வதியும், ஆமென். மஸ்கட்டுப் பேச்சு வரப்பிடாது.”

“ஏட்டி, ஆண்டவரட்ட ஒளிக்கச் சொல்லுதியா?”

“அவருக்குத்தான் எல்லாம் தெரியுமில்லா? தெரிஞ்சவருக்கு நீங்க எதுக்கு விளக்கம் சொல்லுதிய?”

அவர் குளிக்கப் போனதும், நேந்திரங்காய் வறுத்தபடியே அவளும் ஜெபித்தாள்: “கர்த்தாவே, இன்னைக்கு ஒருநாள் இவரு தொண்டையக் கட்டும்.” ஆண்டவர் அதைக் கேட்கவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து மாப்பிள்ளை ஷாஜன், அப்பா ஜெபமணி, அம்மா தங்கபாய் மூவரும் வந்தார்கள். பையன் துபாயில் ஹோட்டல் மேனேஜர் என்று பேச்சு. செல்வதாஸை ஜெபிக்கச் சொன்னார்கள். தொண்டை மணிபோல இருந்தது.

“...மஸ்கட்டிலே இந்தப் பிள்ளை கோபத்திலே...”

“பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே!” என்று லீலாபாய் போட்டாள் ஒரு சத்தம்.

கூட்டமாகச் சொல்லி முடிக்கிற ஜெபம் அது; ஒருவர் தொடங்கினால் போதும், கிறிஸ்தவன் வாய் தானாகச் சேர்ந்துகொள்ளும். செல்வதாஸின் வாயும் சேர்ந்தது. ஆமென். காப்பி குடித்தார்கள், சிப்ஸ் தின்றார்கள். புறப்படுமுன் தங்கபாய் முடிவு ஜெபம் தொடங்கினாள்.

“...துபாயிலே ஷாஜன் படுகிற பாட்டை நீர் அறிவீர், அவன் மேனேஜர் என்று நாங்கள்...”

“பரமண்டலங்களிலிருக்கிற!” என்று அலறினார் ஜெபமணி.

எல்லா வாயும் சேர்ந்தது, லீலாபாயின் வாய் தவிர. நம்ம தந்திரத்தை நம்மகிட்டயேவா?

“சம்மந்தி, துபாயில என்னவோ தொடங்கினிய. அத முடியுங்க.”

“ஆமென் சொல்லியாச்சே” என்றார் ஜெபமணி.

“சொன்னா? ஆண்டவரு கதவைப் பூட்டிட்டா போயிட்டாரு?”

தங்கபாய் நிமிர்ந்தாள். “உங்க வீட்டுலயும் மஸ்கட்டுன்னு ஒண்ணு பாதியில நிக்கி.”

லீலாபாய் கணக்குப் போட்டாள். இதுவும் போனால் ஊர் என்ன சொல்லும்? ஆனால் கேட்ட வாயை இனி மூடவும் மனசில்லை. புருஷனைப் பார்த்தாள்.

“சொல்லித் தொலைங்க.”

கண்ணைத் திறந்துகொண்டு அவருக்குச் சொல்ல வராது. மறுபடியும் எல்லோரும் தலை குனிந்தார்கள். பேசின், தண்ணீர், சூப்பர்வைசரின் வழுக்கை வரை ஆண்டவரிடம் ஒப்புவித்தார். தொடர்ந்து தங்கபாய், மகன் ஹோட்டல் அடுக்களையில் வெங்காயம் வெட்டுவதை ஒப்புவித்தாள்.

“வெங்காயம் வெட்டத் தெரியுமா? அப்போ எனக்கு வேலை மிச்சம்!” ஜெபத்துக்கு நடுவிலேயே ஜாஸ்பின் எங்கள் அடுக்களைக்குள்ளிருந்து சிரித்தாள்.

லீலாபாய் தன் ஒற்றைக்கண்ணால் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவனும் ஒரு கண்ணைத்தான் மூடியிருந்தான். மற்றது அடுக்களை வாசலில் இருந்தது.

இவன் போதும் என்று நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முந்தி ஆமென் சொன்னாள்.