நான் குளிப்பாட்டிய குட்டி

எங்கள் கன்னி ரக ஆடு அந்தத் தடவை இரண்டு குட்டி போட்டது. முதல் குட்டி சிரமமில்லாமல் வந்து விழுந்தது. இரண்டாவதற்கு முன்னங்கால் ஒன்று மடங்கிப் பாதியில் நின்றுவிட்டது. அப்பா மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். நான் செய்வதறியாமல் ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது, கம்பெனி வேன் வந்து அம்மாவை இறக்கிவிட்டுப் போனது.

அம்மா விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறாள். அலுமினியப் பவுடர் படிந்து அவள் கை முழங்கை வரை மின்னும். எவ்வளவு கழுவினாலும் லேசில் போகாது. வந்ததும் குளிக்காமல் வீட்டில் ஒரு சாமானைத் தொடமாட்டாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது பசியில் கத்தினாலும், தலைக்கு ஊற்றிய பிறகுதான் தூக்குவாளாம். அன்று அதற்கு நேரமில்லை. குடத்துத் தண்ணீரில் கையை முக்கி எடுத்தாள், மடங்கிய காலை உள்ளேயே நிமிர்த்தினாள், குட்டியை இழுத்துத் தாயின் முகத்தருகே போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

குட்டியின் கழுத்தில் அவள் விரல்களின் வெள்ளித் தடம் இருந்தது.

அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன், அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பட்டாசு மருந்தில் என்னென்ன கலந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆடு அதை நக்கி விழுங்கிவிடக் கூடாது என்று குட்டியை அடிகுழாய்க்குத் தூக்கிப் போனேன். குளியல் சோப்பு போட்டு, வழுவழுப்பெல்லாம் போகத் தேய்த்துக் கழுவி, துண்டில் துவட்டிக் கொண்டுவந்து விட்டேன்.

ஆடு ஒருமுறை முகர்ந்தது. தலையைச் சிலுப்பியது. பிறகு குட்டியை முட்டித் தள்ளிவிட்டு முதல் குட்டியை நக்கப் போய்விட்டது.

ஈரத் தலையோடு வந்த அம்மா அதைப் பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள்.

"என் கைதான். மருந்து வாசம் ஏறிப்போச்சு. ஆடு எப்படிச் சேர்க்கும்?"

தாய் நக்கி அடையாளம் காணும் வாசத்தை நான்தான் சோப்பால் கழுவிவிட்டேனோ என்று அப்போது தோன்றியது. படித்த பிள்ளை செய்த தப்பு என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

அம்மா புளியும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்த்தாள். ஆனாலும் குட்டியைத் தொட மறுத்துவிட்டாள். கொட்டில் வாசலில் நின்றபடி சொல்லச் சொல்ல, நான் சீம்பாலைக் கறந்து பாலாடையில் புகட்டினேன். பாதி வழிந்துவிட்டது. அப்பா ஆட்டைப் பிடித்துக்கொள்ள, குட்டியின் வாயைக் காம்பில் வைத்துப் பார்த்தேன். அது சப்பவில்லை. பிடியை விட்டதும் ஆடு முட்டியது. இந்த மாதிரிக் குட்டியைத் தாயோடு சேர்த்துவிடும் பக்குவம் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்பா அலுத்துக்கொண்டார். அவளோ கிட்டேயே வரவில்லை.

மறுநாள் அம்மா வேலைக்குப் போய்த் திரும்பும்போது குட்டியால் தலையைத் தூக்க முடியவில்லை. வாய்க்குள் விரலை விட்டால் சில்லென்று இருந்தது. குளித்துவிட்டு வந்தவள் வழக்கம்போல் தள்ளியே நின்றாள்.

"யம்மா, ஒன் கை இல்ல. நான்தான் அதைச் சோப்பு போட்டுக் குளிப்பாட்டுனேன்."

"சோப்பா?" என்றார் அப்பா. "அப்படியே பவுடர் போட்டுப் பொட்டும் வச்சு விட்டுருக்கலாம்ல."

அம்மா அவரைக் கவனிக்கவில்லை. ஆடு நக்குவதற்கு முன்பா, பின்பா என்று மட்டும் கேட்டாள். முன்பு என்றேன்.

"அப்ப என் கை இல்லையா?"

"இல்லம்மா."

"நேத்தே சொல்லியிருந்தா நேத்தே தொட்டிருப்பேன்ல தாயி."

அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். குட்டியை மடியில் போட்டுச் சூடு வரத் தேய்த்தாள். தாயின் பாலைக் கறந்து அதன் முதுகிலும் வாலடியிலும் பூசினாள். முதல் குட்டியைத் தூக்கி இதன் மேல் உரசினாள். குட்டியின் மேல் உப்பைத் தூவி ஆட்டின் மூக்கருகே கொண்டுபோனாள். காம்பைக் குட்டியின் நாக்கில் வைத்து அவளே பீய்ச்சினாள். ஆடு உதைத்தது. திரும்பவும் முதலிலிருந்து செய்தாள்.

மறுநாள் காலையில் வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பட்டாசு சீசன் நேரத்தில் அம்மா வேனை விட்டதை நான் பார்த்ததில்லை. வெயில் ஏறிய பிறகு ஆடு குட்டியின் வாலடியை முகர்ந்து உப்பை நக்கியது. நிறுத்தியது. மறுபடி நக்கியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி அடக்கினாள்.

குட்டி பிழைத்துக்கொண்டது. ஆடு வெறுத்தது சோப்பு வாசத்தையா, அதற்கடியில் மிஞ்சியிருந்த மருந்து வாசத்தையா என்று எனக்கு இன்னமும் உறுதியாகத் தெரியாது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஒரு வாரம் வரை அம்மா பக்கத்தில் நின்றால்தான் ஆடு அந்தக் குட்டிக்கு மடியைக் கொடுத்தது. காலையில் வேன் வருமுன் ஒரு தடவை, சாயங்காலம் குளித்ததும் ஒரு தடவை. இடையில் பாலாடையில் நான் புகட்டினேன். ஒவ்வொரு சாயங்காலமும் அம்மா அதன் வயிற்றை அழுத்திப் பார்ப்பாள். நிறைந்திருந்தால் தலையை மட்டும் ஆட்டுவாள்.