பூட்டி வைத்த தாயத்துகள்

பயம் என்பது படிப்பில்லாதவர்களுக்கு வருகிற காய்ச்சல் என்று நான் உறுதியாக நம்பிய காலம் ஒன்று இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எனக்கு வயது முப்பத்தொன்று. வாய்க்கு அதைவிடக் கூட. என் கணவர் கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமவில் ஒரு சின்னச் சபையின் உபதேசியார். நான் சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயம் லயமாக நடந்து, பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவளாகையால் என் பேச்சைக் கேட்டு லயத்துப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு 'வேதக்காரம்மா' என்று பெயர் வைத்தார்கள். முனி அடித்துவிட்டது, காத்துக் கறுப்புப் பிடித்துவிட்டது என்று யாராவது சொன்னால், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பட்டென்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஞானஸ்நானம் எடுக்க வருகிறவர்களின் உடம்பில் தாயத்து இருந்தால், தண்ணீர் தொடுமுன் அதை அறுத்துவிட வேண்டும். பெண்களுக்கு அறுப்பது என் வேலை. தையல் கத்தரிக்கோலும் கையுமாக நிற்பேன். அறுத்தவற்றை எறிய மாட்டேன். கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளி தந்த வெறும் பிஸ்கட் டின்னில் போட்டு, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். வருஷத்துக்கு ஒருமுறை கண்டியில் வாவிக்கரைப் பக்கம் பெண்கள் கூட்டம் நடக்கும். அங்கே டின்னைத் திறந்து மிஷனின் வெள்ளைக்காரத் துரைசாணிக்குக் காட்டுவதில் எனக்குப் பெரிய பெருமை. என்னைப்போலவே கெலிஓயாவில் ஊழியம் செய்துவிட்டு வருகிற அம்மாவிடம் ஏழெட்டுத்தான் தேறும். என்னுடையதோ முக்கால் டின் நிறைந்திருந்தது. இதையெல்லாம் ஆண்டவருடைய மகிமைக்கு என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். கொழுந்து எடுப்பவள். அவளுடைய அக்கா பிரசவத்தில் இறந்துபோக, அக்காவின் புருஷனுக்கே இவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். செத்தவளின் ஆவி வந்து தொந்தரவு கொடுக்கும் என்று பயந்து, உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப்போய், இவள் கையில் ஒரு செப்புத் தாயத்தும் கட்டியிருந்தார்கள். பேய் பிடித்துக் கல்லறைகளுக்குள் குடியிருந்த ஒருவனை ஆண்டவர் விடுவித்து, அந்தப் பேய்களைப் பன்றிக் கூட்டத்துக்குள் அனுப்பிய கதையை நான் வாசித்த அன்று, மற்றவர்கள் எல்லோரும் பன்றிகளைப் பற்றியே கேட்டார்கள். இவள் மட்டும், "அவருக்குப் பயமே வரலியாம்மா?" என்று கேட்டாள். வரவில்லை என்றேன். அடுத்த வாரத்திலிருந்து தவறாமல் வந்தாள். கைக்குழந்தை பிறந்து இரண்டு மாதத்தில் ஞானஸ்நானத்துக்கும் வந்தாள். புருஷன் சேரவில்லை, தடுக்கவும் இல்லை.

நான் தாயத்தை அறுக்கப் போனபோது அவள் கையை நீட்டவில்லை. "கொஞ்சம் பொறுங்கம்மா, நானே..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஞானஸ்நானம் கொடுக்க வந்த பாதிரியார் காத்துக்கொண்டு நிற்கிறார் என்ற அவசரத்தில் நான் அவள் கையைப் பிடித்து இழுத்து, நறுக்கென்று வெட்டிவிட்டேன். ஆராதனை முடியும்வரை அவள் அந்த இடத்தை மற்றக் கையால் பொத்திக்கொண்டே இருந்தாள். நான் அதைக் கண்டும் காணாதவள்போல் இருந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் அவள் புருஷன் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"அம்மா, அவ சோறு திங்கிறதில்ல. படுத்தா நெஞ்சு மேல அக்கா வந்து ஒக்காந்து அமுக்குதுங்கிறா. பால் வத்திப் போச்சு. புள்ள அழுகுறதுக்குக்கூடத் தெம்பில்லாம கெடக்குங்க."

கத்தரிக்கோலைத் தவிர மற்ற ஆயுதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அவளுடைய ஒற்றை அறை லயக் காம்பராவுக்குள் நின்று நான் செய்த ஜெபம் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். பிசாசை அதட்டினேன், ஆவிகளைப் பெயர் பெயராகக் கூப்பிட்டுத் துரத்தினேன். லயமே வாசலில் கூடி வேடிக்கை பார்த்தது. அவளோ சுவரோடு சாய்ந்து, நான் ஒவ்வொரு பெயர் சொல்லும்போதும் இன்னும் கொஞ்சம் சுருங்கினாள். ஐந்து நாள் இப்படியே போயிற்று. பக்கத்துப் பெண்கள் துணியைக் கஞ்சித் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தார்கள். அதன் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. ஐந்தாம் நாள் எனக்குக் கோபம் வந்து, "உனக்கு விசுவாசம் காணாது" என்று அவளைப் பேசிவிட்டேன். தண்ணீரில் மூழ்குகிறவளைப் பார்த்து உனக்கு நீந்தத் தெரியாதா என்று திட்டுவது போன்ற பேச்சு அது. இன்றைக்கும் நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

அன்று புறப்படும்போது அவள் புருஷன் வழிமறித்தான். கோபமாக அல்ல, கும்பிட்டுக்கொண்டுதான் சொன்னான்: "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பேன்மா. அப்புறம் கோடாங்கிகிட்ட கூட்டிப் போயிருவேன். ஒங்க சாமி செஞ்சாலும் சரி, கோடாங்கி செஞ்சாலும் சரி. எனக்குப் புள்ள பொழைக்கணும்."

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிசாசோடை இவ்வளவு கதைச்சீர். அந்தப் பிள்ளையோடை ஏதும் கதைச்சனீரோ?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஊருக்கு உபதேசம் செய்கிறவளுக்கு வீட்டில் உபதேசம் கிடைத்தால் அப்படித்தான் இருக்கும்.

மறுநாள் விடிந்ததும் போனேன். வேதப்புத்தகத்தைத் திறக்காமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "உனக்கு என்ன வேணும், பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பி, "என் தாயத்து எங்கம்மா இருக்கு?" என்றாள்.

"என்ரை வீட்டிலை. அலுமாரிக்குள்ளை."

"பூட்டியா வச்சிருக்கீங்க?"

"ஓம், பூட்டித்தான்."

"அதுல ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே. ஒண்ணுமில்லாததுக்குப் பூட்டு எதுக்கும்மா?"

துரைசாணிக்குக் காட்ட என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் விடவில்லை. "அன்னிக்குக் கோயில் முடிஞ்சு ஒங்க வூட்டுக்குச் சாப்பிட வந்தேன்ல. நீங்க உள்ள வச்சுப் பூட்டுறதுக்குள்ள ஒங்க பாப்பா அந்த டின்னத் தொட்டுச்சு. பட்டுன்னு கையில அடிச்சீங்க. அப்பவே நெனச்சேன், அம்மாவே பயப்படுறாங்க, நான் எந்த மூலைக்குன்னு."

அவள் சொன்னது உண்மை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வேதக்காரர். அப்படியிருந்தும் ஒவ்வொரு தாயத்தையும் டின்னில் போட்டபிறகு நான் கார்பாலிக் சவர்க்காரத்தால் கை கழுவுவேன், இரண்டு தரம். அழுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பயத்துக்கு நான் வைத்த மரியாதையான பெயர்தான் அந்த அழுக்கு. ஐந்து நாளாக நான் தொண்டை கிழியக் கத்தியதும் அவளுக்காக மட்டும் அல்ல.

"இரு, வாறன்" என்று எழுந்து, இரண்டு மைல் இறங்கி வீட்டுக்குப் போய் டின்னை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நான் தனியாக நடக்க, இடுப்பில் அது கலகலவென்று குலுங்கியது. பட்டப்பகலில் உரத்த குரலில் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன். எவ்வளவு வீரம் பாருங்கள்.

வெயில் உச்சிக்கு வருமுன் அவள் முன்னால் டின்னைத் திறந்து வைத்தேன். புருஷன் வாசலில் புறப்படத் தயாராக நின்றான். அவளே விரலால் கிளறித் தன்னுடையதை எடுத்தாள். எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"கையில புடிங்கம்மா. புடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணுங்க."

பிடித்தேன். கை நடுங்கியது; மறைக்கவில்லை. "எனக்கும் பயம்தான், பிள்ளை. ஆனால் ஆண்டவர் பயப்பிடேல்லை. அது பொய்யில்லை" என்றேன். பிறகு என் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன ஜெபத்தைச் செய்தேன். எந்த ஆவியின் பெயரையும் எடுக்கவில்லை. "ஆண்டவரே, நாங்கள் இரண்டு பேரும் பயந்து போயிருக்கிறோம். நீர் பெரியவர். இவளுக்கு நித்திரை தாரும். பிள்ளைக்குப் பால் தாரும்." அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

நான் ஆமென் சொல்லுமுன் அவள் என் கைமேல் தன் கையை வைத்துத் தானே பேசத் தொடங்கினாள். அவள் வாய்விட்டு ஜெபித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சாமி, இந்தம்மா கை நடுங்குது, புடிச்சுக்கங்க. எங்க அக்காவ ஒங்ககிட்டயே வச்சுப் பாத்துக்கங்க. அது நல்லது, ஒண்ணும் செய்யாது. எனக்கு இந்தப் பயம் வேணாம், நீங்க இருங்க."

என் கணவரிடம் கேட்டால் அந்த ஜெபத்தில் இரண்டு உபதேசப் பிழை கண்டுபிடிப்பார். நான் திருத்தவில்லை. என் கை நடுக்கம் நின்றிருந்தது.

இப்போதும் ஏதோ ஒன்று நெஞ்சை அமுக்குகிறது என்று யாராவது என்னிடம் வருவதுண்டு. நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான். உங்களை அமுக்குவதைப் பற்றி ஆண்டவரிடம் நீட்டி முழக்க வேண்டாம், அவருக்குத் தெரியும். பயமாக இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். உங்களைவிடத் தைரியசாலி ஒருவரைத் தேடி அலையாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிக்கிற ஒருவர் போதும். இதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை.

அன்று ஜெபம் முடிந்ததும் அவள் தாயத்தை என் கையிலிருந்து எடுத்து, எழுந்துபோய், அடுப்பு நெருப்பில் தானே போட்டாள். கயிறு கருகியது, செம்பு கறுத்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"அப்ப கோடாங்கிகிட்ட போவலியா?" என்று புருஷன் கேட்டான்.

"நீங்க வேணும்னா போய் ஒரு கயிறு கட்டிக்கிட்டு வாங்க. எனக்குப் பசிக்குது" என்றாள்.

அவன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றான். பக்கத்துக் காம்பராவிலிருந்து வந்த கஞ்சியை இரண்டு கோப்பை குடித்துவிட்டு, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்தாள். படுத்த கையோடு தூங்கிப் போனாள். குழந்தை சப்பும், கிடைக்காமல் முனகும், மறுபடி சப்பும். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு ஜெபம் செய்யலாமா என்று நாக்குத் துடித்தது, கடித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். முனகல் நின்றது. அந்தச் சின்னத் தொண்டைக்குள் மடக்கு மடக்கென்று பால் இறங்கும் சத்தம் கேட்டது. வாசலில் நின்றவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவன் தலைத்துண்டை அவிழ்த்து, அவள் தூக்கம் கலையாதபடி அதை வாயில் பொத்திக்கொண்டு அழுதான்.